காஞ்சனமாலை நின்ற இடம்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரை மாநகரமே ஒரு மணவீடாகிவிடும். திருவிழாவின் எட்டாம் நாள் அன்னை மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ஒன்பதாம் நாள் திக்விஜயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். தங்கையின் திருமணத்துக்குத் தமையனாகப் பவளக்கனிவாய்ப் பெருமாளும், பெற்றோர் திருமணத்தைக் காண மைந்தனாக முருகப்பெருமானும் திருப்பரங்குன்றத்திலிருந்து எழுந்தருளுகிறார்கள். அம்மையின் திருக்கழுத்தில் மங்கல நாண் ஏறும் வேளையில் சுமங்கலிப் பெண்கள் தங்கள் தாலிச் சரடைப் புதுப்பித்துக்கொள்வதை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம்.

அந்தத் திருக்கல்யாணத்தை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரிசித்தவள் நான். திருவிளையாடற் புராண விரிவுரைகளை எத்தனையோ முறை கேட்டவள். ஆயினும் அந்தத் திருக்கதையில் ஒரு செய்தி என் கண்ணுக்கு எதிரே இருந்தும் என் கருத்தில் பதியாமலே இருந்துவிட்டது. அதை எனக்குக் காட்டித் தந்தவள், வருகிற வைகாசியில் மணமேடை ஏறவிருக்கும் என் பேத்தி. என் வயதை ஒத்த அன்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஏட்டில் இல்லாத பெயர்

பேத்தி என் மகள் வயிற்றுப் பிள்ளை. அவளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது மருமகன் இறைவனடி சேர்ந்துவிட்டார். அதன் பிறகு 18 ஆண்டுகள் என் மகள் பள்ளி ஆசிரியையாக உழைத்து, தனியொருத்தியாக நின்று, பெண்ணைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். பேத்தி இப்போது வங்கியில் பணிபுரிகிறாள். நல்ல இடத்தில் வரன் அமைந்தது. ஜாதகப் பொருத்தம் பார்த்து, நிச்சயதார்த்தமும் நிறைவேறியது.

இக்காலப் பெண் அல்லவா? தன் திருமண வேலைகளைத் தானே வரிசைப்படுத்தி எழுத ஒரு நீண்ட கணக்கேடு வாங்கிக்கொண்டாள். மண்டபம், நாகஸ்வரம், சமையல், மாலை, திருமணம் முடிந்த 90 நாள்களுக்குள் செய்ய வேண்டிய பதிவு வரை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். சடங்குகளுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கி, ஒரு நாள் மாலையில் என் அருகே வந்து அமர்ந்தாள்.

"அம்மாச்சி, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொன்றையும் யார் செய்வது என்பதையும் சொல்லுங்கள்" என்றாள்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைப்பதில் தொடங்கினேன். பந்தக்கால் ஊன்றுவது பெரியப்பா. அதற்கு மஞ்சள் குங்குமம் இடுவது பெரியம்மா. நெல், உளுந்து, பயறு, எள், கடுகு என்னும் தானியங்களைப் பாலிகையில் தெளிப்பது ஐந்து சுமங்கலிகள். நலங்கு வைப்பது அத்தைமார். பட்டம் கட்டிச் சீர் செய்வது தாய்மாமன். மாப்பிள்ளையை வாசலில் ஆலம் சுற்றி அழைப்பது பெரியம்மா. பாத பூசை செய்து தாரை வார்ப்பது பெரியப்பாவும் பெரியம்மாவும். நான் சொன்னதையெல்லாம் அவள் முத்து முத்தாக எழுதிக்கொண்டாள்.

எழுதி முடித்ததும் ஏட்டை முதலிலிருந்து ஒருமுறை புரட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அம்மாச்சி, இதில் அம்மாவின் பெயர் எங்கும் இல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே செலவுக் கணக்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மண்டபத்துக்கு முன்பணம் அம்மா. நகைக்கடைச் சீட்டு அம்மா. புடவைக்குப் பணம் அம்மா. சமையற்காரருக்கு அச்சாரம் அம்மா. அந்தப் பக்கம் முழுவதும் அம்மாவின் பெயர்தான். சடங்குகளின் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

"தாலி கட்டும்போது அம்மா எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டாள்.

அடுப்படியில் இருந்த என் மகள் அங்கிருந்தே விடை சொன்னாள்: "நான் பந்தியைக் கவனித்துக்கொள்வேன் அம்மா. யாராவது கவனிக்க வேண்டாமா?"

நானும் அப்படித்தான் இருந்தேன்

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். மகளின் அந்த விடை எனக்கு அப்போது சரியென்றே பட்டது. "நல்ல காரியத்தில் எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது, கண்ணே. பெரியவர்கள் வகுத்த வழி" என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை, ஏட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கணவர் மறைந்த இரண்டாம் ஆண்டில் என் இளைய மகனுக்குத் திருமணம் நடந்தது. முகூர்த்த வேளை நெருங்கியதும் நான் எழுந்து, அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானாகவே போனேன். கெட்டிமேளம் முழங்கியபோது தாலி ஏறிவிட்டது என்று அறிந்துகொண்டேன். கண்களைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு இலை போதுமா என்று பார்க்கப் போய்விட்டேன். பெற்ற பிள்ளையின் திருமணத்தைச் செவியால்தான் கண்டேன். அது குறித்து எவரிடமும் நான் பேசியதில்லை. குறையாக நினைத்ததுமில்லை என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கம்பத்தடி மண்டபத்தில்

மறு வெள்ளிக்கிழமை, அச்சிடக் கொடுக்கும் முன் அழைப்பிதழின் கையெழுத்துப் படியை அம்மையின் திருவடியில் வைத்து எடுத்துவர நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போனோம். 'அழைப்பவர்' என்ற இடத்தைப் பேத்தி வெறுமையாகவே விட்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன், எதுவும் கேட்கவில்லை.

முறைப்படி முதலில் அம்மையைத் தரிசித்து, பிறகு சுவாமி சந்நிதிக்கு வந்தோம். சந்நிதிக்கு முன்னுள்ள கம்பத்தடி மண்டபத் தூணில் திருக்கல்யாணக் கோலம் சிற்பமாக விளங்குவதை அன்பர்கள் அறிவார்கள். நடுவே நாணத்தோடு தலை கவிழ்ந்த மீனாட்சி; கைப்பற்றி நிற்கும் சொக்கநாதர்; தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால். கல்லில் அந்த நாணத்தை எப்படித்தான் வடித்தார்களோ என்று ஒவ்வொரு முறையும் வியந்து நிற்பேன்.

பேத்தி அந்தச் சிற்பத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மாச்சி, அம்மனின் தந்தை மலையத்துவச பாண்டியர் அல்லவா? அவர் ஏன் தாரை வார்க்கவில்லை?"

"அவர் அப்போது இல்லையே. அம்மைக்குத் திருமணமாகும் முன்பே விண்ணுலகு எய்திவிட்டார். தடாதகைப் பிராட்டியார்தானே முடிசூடி அரசாண்டார்!"

"அப்படியானால் அம்மனின் தாயார்?"

"காஞ்சனமாலை இருந்தார். மகளுக்கு மணம் முடிக்க வேண்டும் என்று முதலில் கவலைப்பட்டவரே அவர்தான். திருமண நாளன்று சொக்கநாதரை எதிர்கொண்டு, திருவடிகளைத் தூய நீரால் விளக்கி, 'என் மகளை மணந்து இந்த நாட்டையும் ஆண்டருள வேண்டும்' என்று விண்ணப்பித்தவரும்..."

சொல்லிக்கொண்டே வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கணவரை இழந்த காஞ்சனமாலைதான் மாப்பிள்ளையை எதிர்கொண்டார். அவர்தான் பாத பூசை செய்தார். தேவர்களும் முனிவர்களும் கூடிய அவையில், நான்முகன் சடங்குகளை நடத்த, உலகுக்கே அன்னையான பெண்ணின் திருமணத்தில், அவர் எந்த அறையிலும் போய் ஒளிந்துகொள்ளவில்லை. ஒதுங்கி நிற்குமாறு இறைவனும் சொல்லவில்லை. தம் திருவடிகளையே அவர் கையில் கொடுத்தார்.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. என் மகள் தலை குனிந்து நின்றாள். அவள் தோள் குலுங்குவதை நான் கண்டேன். 18 ஆண்டுகளில் அவள் என் முன்னே அழுதது அன்றுதான்.

ஏழு கடலும் வந்த கதை

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் திருமணம் ஐந்தாவது படலம். காஞ்சனமாலையின் கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஒன்பதாவது, பத்தாவது படலங்களை நினைவுகூர்வோம்.

கௌதம முனிவர் ஒருமுறை காஞ்சனமாலையைக் காண வந்தார். மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்யும் தவங்களை எடுத்துரைத்து, தீர்த்தமாடுதல்களில் கடலாடுதல் சிறந்தது என்றார். கடலாட வேண்டும் என்ற விருப்பம் காஞ்சனமாலைக்கு எழுந்தது. மகளிடம் சொன்னார், மகள் நாயகரிடம் சொன்னார். மாமியாரின் விருப்பத்துக்காக ஏழு கடல்களையும் கோயிலின் கிழக்கே ஒரு வாவியில் வரவழைத்தார் சொக்கநாதர். இன்றும் கோயிலுக்குக் கிழக்கே ஏழுகடல் தெரு என்ற பெயர் வழங்குகிறது.

கடல் வந்துவிட்டது; நீராடும் முறை என்ன? கணவன் கையையோ, மகன் கையையோ, கன்றின் வாலையோ பற்றி நீராடுக என்றனர் நூலறிந்தோர். கணவரும் இல்லை, மகனும் இல்லை; கன்றின் வாலைப் பற்றும் நிலை வந்ததே என்று காஞ்சனமாலை உள்ளம் நொந்தார். அதை அறிந்த இறைவன், விண்ணுலகில் இருந்த மலையத்துவசனையே வரவழைத்தார். கணவர் கைப்பற்றி நீராடிய காஞ்சனமாலை, அவரோடு சிவலோகம் எய்தினார் என்கிறது புராணம்.

கணவரை இழந்த ஒரு தாயின் மனக்குறையைத் தீர்க்கவே இறைவன் இரண்டு திருவிளையாடல்கள் புரிந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள் கேட்டும் இது எனக்கு உறைக்கவில்லையே!

பெரியவர்கள் கூடிப் பேசினோம்

ஆயினும், ஒரு குடும்பத் திருமணத்தை ஒருவர் விருப்பத்தால் மட்டும் நடத்திவிட முடியாது. பேத்தியின் பெரியப்பா, தம்பி மறைந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தந்தைபோல் இருந்தவர். தாரை வார்க்கும் நாளை ஆவலோடு எதிர்நோக்கியிருந்தார். செய்தியைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. "என்னை வேண்டாம் என்கிறாயா அம்மா?" என்று கேட்டார்.

பேத்தி அவர் காலடியில் அமர்ந்தாள். "சிற்பத்தில் திருமால்தானே பெரியப்பா தாரை வார்க்கிறார்? அந்த இடம் உங்களுடையதுதான். அம்மாவுக்குக் காஞ்சனமாலையின் இடத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்" என்றாள். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அவள் தலையில் கைவைத்து ஆசி கூறினார்.

எங்கள் குடும்பப் புரோகிதரையும் கலந்துகொண்டோம். பெண்ணைத் தானம் செய்து கொடுக்க உரியவர்களின் வரிசையை யாக்ஞவல்கிய ஸ்மிருதி கூறுகிறது. தந்தை, பாட்டனார், உடன்பிறந்தான், குலத்தைச் சேர்ந்தோர் ஆகியோரை அடுத்துத் தாயும் அதில் உண்டு என்று அவர் விளக்கினார். "பெற்றவள் மனம் குளிர்ந்து செய்யும் பாத பூசையில் குறை ஏதும் வராது, பாட்டியம்மா. பெரியப்பா சங்கல்பம் செய்து தாரை வார்க்கட்டும். தாயார் மாப்பிள்ளையின் பாதம் விளக்கி வரவேற்கட்டும்" என்றார்.

எஞ்சியது மணமகன் வீட்டார். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் எங்களுக்கு நிறையவே இருந்தது. சம்பந்தியம்மாள் என் மகளின் கையைப் பற்றிக்கொண்டு, "இந்தப் பெண்ணை வளர்த்த கை இது. இந்தக் கையால் என் மகனை வரவேற்க மாட்டீர்களா என்று நானே கேட்கலாம் என்றிருந்தேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் எங்கள் பாரம் இறங்கியது.

ஏட்டில் ஒரு புதிய வரி

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அழைப்பவர் என்ற இடத்தில் என் மகளின் பெயரும், அடுத்துப் பெரியப்பா, பெரியம்மாவின் பெயர்களும் இருக்கின்றன. முதல் அழைப்பிதழைக் குலதெய்வத்துக்கும் அடுத்ததை அம்மை மீனாட்சிக்கும் வைத்தோம்.

கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது, பேத்தி தனக்கு எடுக்கும் முன்பே தாய்க்கு ஒரு அரக்குப் பட்டு எடுத்தாள். என் மகள் வழக்கம்போல் வேண்டாம் என்றாள். "எடுத்துக்கொள்ளடி" என்று சொன்னவள் நான்.

சில நாள்களுக்கு முன் அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாத பூசைக்கு எதிரே 'அம்மா' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு புதிய வரி: 'முதல் அட்சதை, அம்மாச்சி. மேடையில், மணமக்களுக்கு அருகே நாற்காலி போட வேண்டும்.'

அரிசி மூட்டை அறையைப் பற்றி நான் அவளிடம் சொன்னதேயில்லை. எப்படி அறிந்தாளோ, அந்த அங்கயற்கண்ணிக்கே வெளிச்சம்.

அன்பர்களே, நம் இல்லங்களில் நடக்கும் மங்கல காரியங்களில் இப்படி யாரேனும் பந்தியைக் கவனிக்கப் போய்விடுகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர்களாக வர மாட்டார்கள். நாம்தான் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும். இளையவர்கள் கேட்டால் பெரியவர்கள் தயங்கலாம். பெரியவர்களாகிய நாமே அழைத்தால் எவர் மறுக்கப் போகிறார்கள்?

காஞ்சனமாலையின் கையால் திருவடி விளக்கப்பெற்ற சொக்கநாதரும், தாயின் மனக்குறை தீர்த்த மீனாட்சியன்னையும் எல்லா இல்லங்களிலும் மங்கலம் பெருக அருள்புரிவார்களாக!