ஒளிப்பும் பூட்டும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்கள் பலவற்றிலே கண்ணகி அம்மன் கோயில்கள் உண்டு. அவற்றுட் பல வைகாசிச் சடங்கின்போது மட்டுமே கதவு திறக்கப்பெறுவன. குளிர்த்தி நிறைவுற்றபின் மீண்டும் அடைக்கப்படும். ஆண்டு முழுவதும் கோயில் ஊரார் கண்முன் நிற்கிறது. அதனை யாரும் ஒளித்துவைப்பதில்லை. ஒளித்தல் வேறு, பூட்டுதல் வேறு என்பதை அன்றாடம் கண்டு வளர்ந்த நான், என் வீட்டுக் கணினியில் அதனை மறந்துபோனேன்.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையோர வீடுகளோடு காணி உறுதிகளையும் படங்களையும் வாரிச் சென்றது. அந்த அச்சத்தினால், குடும்பத்துத் தாள்கள் யாவற்றையும் படியெடுத்து ஒரு சிறு கணினியிற் சேமித்தேன். லினக்ஸில் இயங்கும் அதனை வீட்டார் அனைவரும் தத்தம் கருவியிலிருந்து அணுகும்படி, 'சாம்பா' என்னும் மென்பொருளை அமைத்தேன். அவுஸ்திரேலியரான அன்ட்ரூ திரிட்ஜெல் 1992 இல் வெளியிட்ட நிரலிலிருந்து வளர்ந்தது அது, இலவசமாய்க் கிடைப்பது.

அத்தாள்களுள் என் அக்காவின் நோய்பற்றிய மருத்துவக் கடிதங்களும் இருந்தன. அவை பிறர் கண்ணிற் படலாகாது என்பது அவர் விருப்பம். ஆதலின் அக்கோப்புறைக்குரிய அமைப்பிலே 'பிரவுசபிள்' என்பதற்கு 'நோ' என எழுதினேன். பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது, மனம் அமைதியுற்றேன்.

சில நாட்களின் பின் தங்கை மகன் வந்து, "மாமா, பெரியம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டான். முன்னொருநாள் என் திரையிற் கண்ட பெயரை அவன் முகவரியாகத் தட்டியிருக்கிறான். கோப்புறை தடையின்றித் திறந்திருக்கிறது. நான் எழுதிய வரி பெயரை மறைத்ததேயன்றி வழியை அடைக்கவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "தம்பி, ஒளிச்சு வைச்சாய்; பூட்ட மறந்திட்டாய்" என்றார். அதன்பின் நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவே திருத்தினேன். ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் கடவுச்சொல்லும் வழங்கி, விருந்தினர் வழியை அடைத்தேன். 'வேலிட் யூசர்ஸ்' என்ற வரியில் நுழையத்தக்கவரை மட்டும் குறித்தேன். அதற்கும் உள்ளே லினக்ஸின் காவல் ஒன்றுண்டு: உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர்; வாசிக்க 4, எழுத 2, உள்நுழைய 1. உறுதிகளுக்கு 750 இட்டேன்: நான் திருத்தலாம், குடும்பத்தார் வாசிக்கலாம், ஏனையோர்க்கு இடமில்லை. அக்காவின் கோப்புறையை அவர் பெயருக்கு மாற்றி 700 இட்டேன். இரு காவலும் இசைந்தாலன்றி எவரும் உட்புக இயலாது. பூட்டியபின் பெயரை மறைப்பதும் நன்றே; பூட்டுக்குப் பதிலாக மறைப்பதே பிழை.

"இனி ஒருவரும் பார்க்க ஏலாதா?" என்றார் அக்கா. "ஏலாது" என்றேன். "நீ?" என்றார்.

கணினியை ஆள்பவனை எந்த இலக்கமும் தடுப்பதில்லை. அதனை ஒப்புக்கொண்டேன். அவருக்கு மட்டுமே தெரிந்த சொல்லொன்றினால் அக்கடிதங்களை மறையாக்கம் செய்யும் வழியைக் காட்டினேன்; அச்சொல்லை மறந்தால் என்னாலும் மீட்டுத்தர இயலாதென்று எச்சரித்தேன். அவர் அதனைத் தட்டும்போது யன்னற் பக்கம் திரும்பி நின்றேன். பின்னர் அதனை ஒரு துண்டில் எழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார்.