மாயாவியின் கையும் 400 ரூபாய்ச் சீட்டும்

சகோதரிகளே, நான் செய்த பாவம் ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வர முடியும். 1992-ல் எனக்கு 14 வயது. அண்ணன் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்கள் அத்தனையையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். 11 ரூபாய் கிடைத்தது. வளையலும் ரிப்பனும் வாங்கினேன். தீபாவளிக்கு வந்த அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவும் இல்லை.

"காமிக்ஸ்தானே, இதற்கு இவ்வளவா?" என்று இளம் தாய்மார்கள் நினைக்கலாம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் வரத் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இங்கிலாந்தில் 1962-ல் ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவன் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நம்ம ஊர்க்காரன் என்றே நினைத்திருந்தோம். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அப்பா கொடுக்கும் பஸ் காசை மிச்சம் பிடித்து, ஸ்கூலுக்கு நடந்தே போய், அண்ணன் ஒவ்வொன்றாய்ச் சேர்த்தவை அவை.

சமீபத்தில் அண்ணனுக்கு 50 வயது நிறைந்தது. என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, என் மகன்தான் ஒரு பழைய புத்தகக் கடைக்கு அழைத்துப் போனான். மூன்று கிடைத்தன. மூன்றும் மாயாவி கதைகள். இரண்டு 400 ரூபாய், ஒன்று 350. பேரம் படியவில்லை. கிலோக்கணக்கில் 11 ரூபாய்க்குப் போட்டவள், மூன்றே புத்தகத்துக்கு 1150 ரூபாயை எண்ணி வைத்தேன்!

வீட்டுக்கு வந்து பார்த்தால், விலைச்சீட்டை அட்டைப்படத்தின் மேலேயே பளிச்சென்று ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் சரியாக மாயாவியின் கை மேல். பரிசுப் பொருளை விலையோடு கொடுப்பது நன்றாகவா இருக்கும்? அதிலும் அண்ணனிடம்!

எவர்சில்வர் பாத்திரத்தில் எத்தனை ஸ்டிக்கர் எடுத்திருப்போம், இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். ஈரத்துணியால் சீட்டை நனைத்து நகத்தால் சுரண்டினேன். சீட்டு நார்நாராக வந்தது. கூடவே அட்டையின் மேல்தோலும் வந்தது. மாயாவியின் கை இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் இளித்தது. அதோடு விட்டேனா? மிச்சமிருந்த பிசினுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். பாட்டிலுக்கும் பாத்திரத்துக்கும் அது கைகண்ட வைத்தியம்தான். காகிதத்துக்கு எமன். எண்ணெய் ஊறி, அடுத்த இரண்டு பக்கமும் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கறை இனி எதற்கும் போகாது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவையும் நானே அழித்தேன் என்றுதான் தோன்றியது.

மறுநாள் எங்கள் தெருவில் பைண்டிங் போடும் பெரியவரிடம் எடுத்துப்போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியும் எண்ணெயும் காகிதத்துக்கு ஆகாதும்மா. விலைச்சீட்டுப் பசை சூட்டுக்குத்தான் இளகும். மீதி ரெண்டையாவது அவசரப்படாமப் பாருங்க" என்றார். அவர் சொன்னதை வீட்டிலிருந்த பழைய வாரப் பத்திரிகைகளில் நாலு நாள் பழகிப் பார்த்த பிறகே இரண்டாவது புத்தகத்தைத் தொட்டேன். நீங்களும் முதலில் வேண்டாத புத்தகத்தில் பழகுங்கள். வழவழப்பான அட்டை தாங்கும். உள்ளே இருக்கும் நியூஸ்பிரிண்ட் தாங்காது.

ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அரை நிமிஷம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்துவிடுங்கள். சீட்டின் ஒரு மூலை இளகியதும் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் மெல்ல நெம்பலாம். பிளேடு வேண்டவே வேண்டாம். முக்கியமான சூட்சுமம் இழுப்பதில் இருக்கிறது. நாம் வழக்கமாக மேல்நோக்கி இழுப்போம். அப்போதுதான் தோல் உரிகிறது. சீட்டைப் பின்பக்கமாக மடித்து, அட்டையோடு ஒட்டினாற்போல், படுக்கை வாட்டில் இழுக்க வேண்டும். எறும்பு ஊர்கிற வேகம் போதும். எங்கேயாவது பிடித்தால் நிறுத்தி, மறுபடி சூடு காட்டுங்கள். எனக்கு ஒரு சீட்டுக்கு 20 நிமிஷம் ஆனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்காரும் வேலையல்ல.

சீட்டு போன பிறகு பிசுபிசுப்பு தங்கும். எடுத்த சீட்டின் பசைப் பக்கத்தையே அதன் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் பசை பசையோடு வந்துவிடும். (இதை நானே கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் பெருமை.) மீதியைச் சுத்தமான விரலால் லேசாக உருட்டினால் திரிதிரியாகத் திரளும். பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்க்கலாம். முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தால் அச்சு மை போய்விடும். கடைசியில் துளி முகப் பவுடரைப் பஞ்சால் தொட்டுத் தட்டிவிட்டால் பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டாது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டுவராதீர்கள். அது மையையே கரைக்கும். மண்ணெண்ணெயும் எண்ணெய்க் கறை வைக்கும்.

பெரியவர் பிடிவாதப் பசைக்கு லைட்டர் திரவம் உபயோகிக்கிறார். பஞ்சில் தொட்டு வைத்ததும் பசை விட்டுக்கொடுக்கிறது, காகிதத்தில் அடையாளம் இல்லாமல் ஆவியாகிவிடுகிறது. நான் பார்த்தேன், ஆனாலும் வாங்கவில்லை. ஒரு பொறி போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்; அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற வீடு நம்முடையது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வரவே கூடாது. தப்பித் தவறி ஒரு குழந்தை இப்படிப்பட்ட திரவத்தையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால், தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் பெரிய ஆபத்து. உப்புத் தண்ணீர், மோர் என்று வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

லெண்டிங் லைப்ரரி சீட்டுகள் வேறு ஜாதி. அவை மைதாப் பசையில் ஒட்டியவை, சூட்டுக்கு அசையாது. நன்றாகப் பிழிந்த ஈரப்பஞ்சைச் சீட்டின் மேல் மட்டும் சில நிமிஷம் வைத்தால் ஊறி வரும். அதுவும் வழவழப்பான அட்டையானால்தான். செல்லோடேப் ஒட்டிக் காய்ந்து பழுப்பேறியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பசை காகிதத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

பத்திரப்படுத்த அந்துருண்டை போடலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பச்சைக்குழந்தைகளுக்கு, அந்துருண்டை வாசத்தால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வருவதுண்டு. அண்ணன் மகளுக்கு இது மாசம் வேறு. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது புத்தகம் சீட்டு ஒட்டிய இடமே தெரியாமல் வந்தது. மூன்றாவதில் 350 ரூபாய்ச் சீட்டு. அட்டை பழுப்பேறி, மூலை தொட்டாலே அப்பளமாய் நொறுங்கியது. சூடு காட்டினால் இன்னும் உலரும். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டேன்.

விருந்தன்று மூன்றையும் கொடுத்தேன், கை போன மாயாவியையும் சேர்த்து. அண்ணன் முதலில் அதைத்தான் எடுத்தான். கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"நான்தான் அண்ணே கெடுத்துட்டேன். தண்ணி போட்டுச் சுரண்டி..."

அவன் மூன்றாவதைத் திருப்பி விலைச்சீட்டைப் படித்தான். "350-ஆ?"

"மத்த ரெண்டும் 400."

மதினி பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். 33 வருஷமாகக் கேட்காததை அண்ணன் அப்போதுதான் கேட்டான்.

"அன்னிக்கு எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

"11 ரூபாய்."

"ஏமாத்திட்டான் பாப்பா உன்னை" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு இலைக்குக்கூட வராமல், முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டான்.