சொகுசுக் கப்பலில் முதற்பயணம்: உணவும் அறையும்

சொகுசுக் கப்பல் பயணம் என்பது கப்பலிலேயே தங்கி, உண்டு, ஓய்வெடுத்து, வழியில் சில துறைமுகங்களைக் கண்டு திரும்பும் கடற்பயணம் ஆகும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்வது இதன் முதன்மை நோக்கம் அன்று. 1891 ஆம் ஆண்டு சனவரியில் செருமனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து மத்திய தரைக்கடலுக்குப் புறப்பட்ட ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலின் பயணம் இவ்வகைப் பயணங்களின் முன்னோடிகளுள் ஒன்று. இதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதற்கப்பலாகக் கருதப்படும் ‘பிரின்செசின் விக்டோரியா லூயிசே’ 1900 இல் நீரில் இறக்கப்பட்டது. 2024 இல் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலில் 20 தளங்கள் உள்ளன. 2022 சூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ‘எம்ப்ரஸ்’ என்னும் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களும் இப்பயணத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கின.

நிலத்தில் விடுதி அறை பிடிக்காவிட்டால் வேறு விடுதிக்கு மாறலாம். உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெருவில் இட்லி கிடைக்கும். கடலில் அந்த வசதி இல்லை. தவறான இடத்தில் எடுத்த அறையிலேயே எல்லா இரவுகளையும் கழிக்க வேண்டும். முதல் நாள் வயிறு கெட்டால் பயணம் முழுவதும் கெடும். ஆகவே அறை, உணவு ஆகிய இரண்டைப் பற்றியும் புறப்படுமுன்பே அறிந்துகொள்வது நல்லது.

அறைகளின் வகைகள்

பெரும்பாலான கப்பல்களில் நான்கு வகை அறைகள் உள்ளன.

1. உள்ளறை: சன்னல் இல்லாதது, கட்டணம் குறைந்தது. விளக்கை அணைத்தால் நண்பகலிலும் கும்மிருட்டாக இருக்கும். நன்றாகத் தூங்க விரும்புவோருக்கு ஏற்றது. மூடிய இடங்களில் அச்சம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இரவில் கழிப்பறைக்கு எழும் முதியவர்கள் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றைக் கொண்டு செல்லலாம்.
2. சன்னல் அறை: கடலைப் பார்க்கலாம், ஆனால் சன்னலைத் திறக்க முடியாது. சில அறைகளில் உயிர்காப்புப் படகு பார்வையை மறைக்கும். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டறிய வேண்டும்.
3. பால்கனி அறை: வெளிக்காற்று கிடைக்கும். கதவைத் திறந்தே வைத்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து அறையின் குளிர்ச்சி கெடும்.
4. தொகுப்பறை: வரவேற்பறையும் படுக்கையறையும் கொண்டது, கட்டணம் மிகுந்தது.

எந்த இடத்து அறை நல்லது?

கப்பலின் அசைவுகளில் இரண்டு முதன்மையானவை. முன்புறமும் பின்புறமும் மாறி மாறி ஏறி இறங்குவது ஒன்று. தொட்டில் போல இடவலமாகச் சாய்வது மற்றொன்று. பள்ளி மைதானத்தில் குழந்தைகள் விளையாடும் ஏற்றப் பலகையை நினைத்துப் பாருங்கள். இரு முனைகளில் அமர்ந்தவர்களே உயரப் போய் வருவார்கள். நடுவில் உட்கார்ந்தவருக்கு அசைவு மிகக் குறைவு. கப்பலிலும் அப்படியே. மீனவர்கள் அணியம் என்று அழைக்கும் முன்முனையிலும், பின்முனையிலும் அசைவு மிகுதி. மேல்தளங்களில் பக்கவாட்டுச் சாய்வு அதிகமாகத் தெரியும். எனவே தலைசுற்றல், வாந்தி வரக்கூடியவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் அறை எடுக்க வேண்டும். இக்காலக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் உள்ளன. அவை சாய்வைக் குறைக்கும், முற்றிலும் நீக்கிவிடாது.

அசைவுக்கு அடுத்தது ஓசை. நீச்சல்குளத் தளத்திற்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். நடன அரங்கிற்கு அருகில் உள்ள அறையில் நள்ளிரவு வரை இசை அதிரும். கப்பலின் தள வரைபடம் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். மேலும் கீழும் பயணிகள் அறைகளே உள்ள தளத்தைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி. மின்தூக்கியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் இரைச்சல் குறையும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மின்தூக்கியின் அருகாமையே முக்கியம். “எந்த அறையானாலும் சரி” என்று ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையும். இடத்தை நிறுவனமே முடிவு செய்யும். முதற்பயணத்திற்கு, குறிப்பாக முதியவர்களை அழைத்துச் செல்லும்போது, அந்தச் சிக்கனம் வேண்டாம்.

அறைக்குள் அறிய வேண்டியவை

கப்பல் அறை சிறியது. ஆயினும் இடம் உண்டு. வெற்றுப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சுவர்கள் பெரும்பாலும் உலோகத்தால் ஆனவை. ஆகவே காந்தக் கொக்கிகள் நான்கைந்து கொண்டு சென்றால் தொப்பி, துண்டு, பை ஆகியவற்றைத் தொங்கவிடலாம். குளியலறை வாயிலில் படி போன்ற உயர்ந்த விளிம்பு இருக்கும். புதியவர்கள் கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கழிப்பறைகள் காற்றழுத்த வேறுபாட்டால் கழிவை உறிஞ்சும் வகையைச் சேர்ந்தவை. அங்கே வைத்துள்ள தாளைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக்கூடாது. ஒருவர் போடும் ஈரத்துடைப்பான் ஒரு வரிசை அறைகளின் கழிப்பறைகளையே அடைத்துவிடக்கூடும். நம் ஊரைப் போலக் கழுவுவதற்குத் தண்ணீர்க் குழாய் பல கப்பல்களில் இருக்காது. சிறு குவளை ஒன்றை எடுத்துச் செல்வது இந்தியப் பயணிகள் பலர் கடைப்பிடிக்கும் வழி.

மின்செருகு துளைகள் குறைவு; இந்தியச் செருகி பொருந்தாமலும் போகலாம். பொருத்தி ஒன்று தேவை. இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, தண்ணீர் சூடாக்கும் கம்பி, சோறு வடிக்கும் மின்குக்கர், மெழுகுவத்தி ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடை செய்கின்றன. பலவகை நீட்டிப்புப் பலகைகளுக்கும் தடை உண்டு. பரிசோதனையில் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். இது தேவையற்ற கெடுபிடி அன்று. கடலில் தீப்பிடித்தால் ஓடி வெளியேற இடம் இல்லை. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனிப் பகுதியில் தீ பரவி ஒருவர் இறந்தார். ஏராளமான அறைகள் சேதமடைந்தன. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. பால்கனியிலிருந்து எதையும் எறியக்கூடாது. கைப்பிடியில் துணி காயப்போடக்கூடாது. குழந்தைகளைத் தனியே விடக்கூடாது.

அறைக்குள் நுழைந்ததும் உயிர்காப்பு மேலங்கி எங்கே உள்ளது, ஒன்றுகூடும் இடம் எது என்று பார்த்துவிட வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் பொது அபாய அறிவிப்பாகும். 2012 சனவரியில் இத்தாலியக் கரையருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலர் அதுவரை பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அதன் பின் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, 2015 முதல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயமானது. முதல் நாள் விருந்தைவிட இப்பயிற்சியே முக்கியம்.

முதல் நாள் கைப்பை

துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். ஆகவே கடவுச்சீட்டு, மருந்துகள், கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு மாலை வரை தவிப்பது முதற்பயணிகள் செய்யும் பெரிய பிழை. பயண நாட்களைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலான மருந்தும், மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். இன்சுலின் பயன்படுத்துவோர் அறையிலுள்ள சிறு குளிர்பெட்டியை நம்பிவிடக்கூடாது. அது பானங்களைக் குளிர்விக்கும் அளவுக்கு மட்டுமே இருக்கக்கூடும். அறைப் பணியாளரிடமோ மருத்துவ மையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

உணவு: எது இலவசம், எது கட்டணம்?

பயணக் கட்டணத்திலேயே முதன்மை உணவுக்கூடமும் தாமே எடுத்துண்ணும் பஃபே உணவகமும் பொதுவாக அடங்கும். சிறப்பு உணவகங்கள், மது, குளிர்பானம், புட்டித் தண்ணீர் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம் உண்டு. பஃபேயில் குடிநீரும் சாதாரண தேநீர், காப்பியும் பெரும்பாலும் இலவசம். குழாய்நீர் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கியோ துறைமுகத்தில் நிரப்பியோ பெறப்படும் தூய நீர் ஆகும். புட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச்சாவியான அட்டையே பணப்பையும் ஆகும். நீட்டும்போது செலவு தெரியாது. கடைசி நாளில் பட்டியலைப் பார்க்கும்போது திகைப்பு வரும். பணியாளர்களுக்கான அன்பளிப்பையும் பல நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தாமாகவே கணக்கில் சேர்த்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்கைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இரவு உணவுக்கு இரு முறைகள் உள்ளன. ஒன்றில் நேரமும் மேசையும் நிலையானவை. மற்றொன்றில் விரும்பிய நேரத்தில் செல்லலாம். சைவர்களுக்கும் நோயுணவு உண்போருக்கும் முதல் முறையே ஏற்றது. அதே பணியாளர் நாள்தோறும் பரிமாறுவதால் இரண்டாம் நாளே நம் தேவையைத் தெரிந்துகொள்வார்.

சைவ உணவும் ஒவ்வாமையும்

“சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறிச் சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் மீன்சாறு இருக்கலாம். இனிப்புக் கூழில் விலங்கு எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். முட்டை, மீன், இறைச்சி, இறைச்சிச்சாறு எதுவும் வேண்டாம் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தியச் சைவம், சமண உணவு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் ஏற்பாடு செய்கின்றன. வேர்க்கடலை, இறால் போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் பதிவின்போதும் தெரிவித்து, முதல் நாளே உணவுக்கூடத் தலைவரிடம் நேரிலும் சொல்ல வேண்டும். பஃபேயில் ஒரு பாத்திரத்துக் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போவது உண்டு. கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பரிமாறும் உணவுக்கூடமே பாதுகாப்பானது.

கைகழுவுதல்

கப்பலில் வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் பரப்பும் முதன்மைக் கிருமி நோரோவைரசு. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தோன்றும். பஃபே வாயிலில் தரப்படும் ஆல்ககால் கலந்த கிருமிநீக்கி இதன்மேல் நன்றாக வேலை செய்வதில்லை. சோப்பும் நீரும் கொண்டு 20 நொடி கழுவுவதே முறை. கரண்டிகளை எல்லோரும் தொடுவதால், உணவை எடுத்து வந்தபின் கைகழுவி உண்பது இன்னும் நல்லது.

நோய் கண்டால் மருத்துவ மையத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும். அறையிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்களே என்று மறைப்பவர்கள் உண்டு. மறைப்பவர் மாலையில் அதே கரண்டியைத் தொடுகிறார். அடுத்து அதைத் தொடுவது எண்பது வயதுப் பாட்டியாகவோ மூன்று வயதுக் குழந்தையாகவோ இருக்கலாம். இவர்களுக்கு உடலின் நீர் விரைவில் வற்றிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றை ஒவ்வொரு குடும்பமும் கொண்டு செல்ல வேண்டும். கப்பல் மருத்துவரின் கட்டணம் மிகுதி. ஆகவே பயணக் காப்பீடு இல்லாமல் புறப்படக்கூடாது.

கடல்மயக்கம்

உட்செவி அசைவை உணர்கிறது. அறைக்குள் உள்ள கண்ணோ எல்லாம் அசையாமல் இருப்பதாகக் காண்கிறது. இம்முரண்பாடே மயக்கத்திற்குக் காரணம். மேல்தளத்திற்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் செவியும் ஒத்துப்போகும். படுத்துக்கொண்டு கைப்பேசி பார்ப்பது மயக்கத்தைக் கூட்டும். வெறும் வயிறும் ஆகாது. எண்ணெய்ப் பண்டங்கள் நிறைந்த வயிறும் ஆகாது. ரொட்டி, உலர் பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி ஆகியவை பலருக்கு உதவுகின்றன. மாத்திரைகளை வாந்தி தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவை தூக்கம் தரும். கண்நீர் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக்கூடாது.

கடைசி இரவு

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெட்டிகளை அறைவாயிலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் உடை, செருப்பு, காலை மாத்திரை, கடவுச்சீட்டு ஆகியவற்றை வெளியே எடுத்து வைத்தபின் பெட்டியைப் பூட்ட வேண்டும். பஃபேயில் எடுத்த பழத்தைப் பைக்குள் வைத்துக் கரையிறங்கக்கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அறிவிக்காத ஓர் ஆப்பிளுக்கும் அபராதம் உண்டு. அதைக் காலை உணவோடு உண்டுவிட்டு இறங்கலாம்.