மோட்டார் கொட்டகை அருகே உள்ள சென்சார் முதலில் நிற்பது ஏன்?

மண் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் விட, வயலில் வயர்லெஸ் சென்சார் வைக்கும் விவசாயிகள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. தூரத்தில் இருக்கும் சென்சார்கள் நன்றாக இருக்க, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் சீக்கிரம் பேட்டரி தீர்ந்து நின்றுவிடுகிறது. சென்சாரில் பழுது இல்லை. தகவல் போகும் வழிதான் காரணம்.

ஈரத்தை அளப்பதைவிட, அந்த அளவை ரேடியோ அலையில் அனுப்பத்தான் பேட்டரி அதிகம் செலவாகும். திறந்த வெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். அதனால் பல கருவிகளில் ஒரு சென்சார் தன் தகவலை அடுத்ததிடம் கொடுக்க, அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் கொட்டகையில் உள்ள கேட்வே பெட்டிக்குப் போய்ச் சேரும்.

வரிசையாகப் 10 சென்சார்கள், 15 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைமடையில் உள்ளது நாளுக்கு 96 முறை அனுப்பும். கொட்டகை அருகே உள்ளது எல்லாருடையதையும் சுமந்து 960 முறை அனுப்ப வேண்டும். அது நின்றால் பின்னால் உள்ள ஒன்பதும் நன்றாக இருந்தும் பயனில்லை. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரம் தெரியாமல் அளவுக்கு மேல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும் ஆபத்தும் உண்டு.

இந்தச் சுமையைப் பிரிக்க, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் 'லீச்' என்ற முறையை வெளியிட்டார்கள். நமது முறைப்பாசனம் போலத்தான். சென்சார்கள் குழுவாகச் சேரும். ஒன்று தலைவராக இருந்து தகவல்களைத் திரட்டிச் சுருக்கி அனுப்பும். தலைமை முறைவைத்து மாறும். கர்நாடகத்தின் சென்னகேசவபுரத்தில் இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து மானாவாரி விவசாயிகளுக்காக வயர்லெஸ் சென்சார் வலையமைப்பைச் சோதித்ததும் உண்டு.

இரண்டு மூன்று ஏக்கர் நிலத்துக்கு இந்தச் சிக்கலே வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு சென்சாரும் நேராகக் கேட்வேக்கு அனுப்பும் 'லோரா' வகைக் கருவி போதும். கைமாற்றி அனுப்பும் கருவியை ஏற்கெனவே வாங்கியிருந்தால், மணிக்கு ஒரு முறை அனுப்பும்படி மாற்றுங்கள். 960 என்பது 240 ஆகும். மண் ஈரம் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. கேட்வேயை முடிந்தால் நிலத்தின் நடுவில் வையுங்கள். பயிர் உயர உயர ஆன்டெனாவையும் உயர்த்துங்கள். இலையில் உள்ள நீர் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும், கரும்பில் இது அதிகம். புதிதாக வாங்குபவர்கள், ஒரு சென்சார் நின்றால் தகவல் வேறு வழியில் போகுமா என்று விற்பனையாளரிடம் கேட்டு, ஒன்றை அணைத்துக் காட்டச் சொல்லிய பிறகே பணம் கொடுங்கள்.