வண்டி போனது, பெயர் போகவில்லை

“வண்டியைக் கொடுத்து நாலு வருஷம் ஆச்சுங்க. எனக்கு எதுக்குங்க சம்மன்?” மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கிற நீதிமன்ற வளாகங்களில், அதுவும் நாமக்கல், சங்ககிரி என்று லாரித் தொழிலே ஊர்த் தொழிலாக இருக்கிற பக்கங்களில், காதில் விழுந்துகொண்டே இருக்கிற கேள்வி இது. கேட்பவர் பொய் சொல்லவில்லை. லாரியை விற்றதும் உண்மை, பணம் கைக்கு வந்ததும் உண்மை. ஆர்.சி.யில் மட்டும் இன்னும் அவர் பெயர். வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றி, அவர் மூன்றாம் ஆளுக்கு விற்று, அந்த மூன்றாம் ஆள் வைத்த டிரைவர் எங்கோ யார் மீதோ ஏற்றியிருக்கிறார்.

விற்பனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். புரோக்கர் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, கடனில் எடுத்த வண்டி என்றால் படிவம் 35. வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. தேதி காலி. சேசிஸ் நம்பர்கூடக் காலி. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டும். “அடுத்த பார்ட்டி பேருக்கே நேரா மாத்திக்கலாம், எதுக்கு ரெண்டு செலவு?” என்பார். டெலிவரி நோட் ஒன்று எழுதுவார்கள். வண்டியை ஒப்படைத்த நேரம் அதில் இருக்காது. சாவி கைமாறும், டீ வரும், விஷயம் முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அரை சென்ட் நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற அதே மனிதர்கள், பல லட்சம் ரூபாய் டாரஸ் லாரியை இப்படித்தான் விற்கிறார்கள்.

சட்டம் இதில் குழப்பம் எதுவும் வைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கடன் ஒப்பந்தம், குத்தகை போன்றவற்றுக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. பல கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் தீர்ப்பில், 2018இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திவிட்டது. விபத்தில் அடிபட்டவர் வண்டியை யார் யாருக்கு விற்றார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. பதிவேட்டில் இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும்.

“இன்சூரன்ஸ் இருக்குல்ல, கம்பெனி கட்டிட்டுப் போகுது” என்பது அடுத்த சமாதானம். பிரீமியம் கட்டப்போவது நீங்களா? புது ஆள் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டால் தீர்ந்தது. பாலிசி உயிரோடு இருந்தாலும் பர்மிட் இல்லாமல் ஓட்டியிருந்தால், டிரைவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டாத வண்டி என்றால் அதையும் கம்பெனி வக்கீல் விடாமல் பிடித்துக்கொள்வார். முன்பெல்லாம் லைசென்ஸ் முடிந்தாலும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அது போய்விட்டது. நேற்று முடிந்த லைசென்ஸ் இன்று செல்லாது. லாரியை ஓட்டுகிறவர் முகமே தெரியாத உங்களுக்கு அவர் லைசென்ஸ் தேதி எப்படித் தெரியும்?

இன்னொன்று. சரக்கு வண்டியில் கோயிலுக்கும் காதுகுத்துக்கும் ஆள் ஏற்றிப் போவதை நிறுத்தவே மாட்டோம் என்று இருக்கிறோம். அப்படிப் போகிற பயணிகளுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவிழ்ந்த மினி லாரியில் இருந்த அத்தனை பேருக்குமான இழப்பீடும் ஆர்.சி.காரர் தலையில் விழக்கூடும். கட்டாவிட்டால் 174ஆவது பிரிவின்படி கலெக்டருக்குச் சான்று போகும். நிலவரி பாக்கியைப் போல அந்தத் தொகையை வசூலிப்பார்கள். வீடும் தோட்டமும் ஜப்திக்கு வருவது இப்படித்தான். ஆற்று மணல் கடத்தலில் வண்டி சிக்கினாலும் போலீஸ் முதலில் தேடி வருவது பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான்.

ஆகவே, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியதை வரிசையாகவே சொல்கிறேன். கடன் இருந்தால் முதலில் எச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவது. ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு, இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35ஐக் கொடுத்து முடியுங்கள். காலாண்டு வரி, நிலுவையில் உள்ள இ-சலான் இரண்டையும் பாருங்கள். இவை பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும். பிறகு படிவம் 29. இது விற்கிறவர் கொடுக்க வேண்டிய அறிக்கை. வாங்குகிறவர் வருவாரா என்று காத்திருக்கத் தேவையில்லை, நீங்களே கொடுக்கலாம். 50ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள், எந்த ஆர்.டி.ஓ. எல்லையில் பெயர் மாறப்போகிறதோ அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். நகல் ஒன்று வாங்கியவருக்கும் போக வேண்டும். எல்லாக் கட்டத்தையும் உங்கள் கையால் நிரப்புங்கள். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். “வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்” என்று கவுண்டரில் சொல்வார்கள். போகாதீர்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைப் பாலிசி நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு பிரதியில் ஒன்று, பெயர் மாற்றம் பதிவான பிறகு அலுவலகக் குறிப்போடு உங்களிடம் திரும்பி வர வேண்டியது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். பர்மிட் தானாக மாறாது, அதற்குத் தனி விண்ணப்பம். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்கு ஆன சேதத்துக்கு அவருக்குக் காசு வராது. இதை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். சொந்த நஷ்டம் என்று தெரிந்தால் ஆள் வேகமாக நடப்பார்.

வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாள் அவகாசம் உண்டு; உங்கள் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, வேண்டும். இதற்காக மாதக்கணக்கில் அலையவிடுவது பல அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. 48ஆவது பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் மறுக்காவிட்டால், என்.ஓ.சி. கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இதற்கும் விண்ணப்பம் கொடுத்த ரசீது கையில் இருந்தாக வேண்டும். ரசீது, ரசீது, ரசீது!

பெயர் மாறி முடிகிறவரை ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். சலான் விழுந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. யாரோ ஏற்றிய ஜல்லிக்கு உங்கள் பெயரில் இது ஏறிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே விற்றுவிட்டீர்கள், வாங்கியவர் போனை எடுப்பதில்லை என்றால் என்ன செய்வது? டெலிவரி நோட், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாங்கியவரின் அடையாள நகல் ஆகியவற்றை இணைத்து ஆர்.டி.ஓ.வுக்கு மனுக் கொடுங்கள். இந்த எண்ணுள்ள வண்டி எஃப்.சி.க்கோ பர்மிட்டுக்கோ வந்தால், முதலில் பெயரை மாற்றச் சொல்லுங்கள் என்று அதில் கேளுங்கள். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும், ஒழுங்காக ஓட்டுகிற வண்டி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தே தீரும். வாங்கியவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மனு அசையாவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிலையைக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். இவற்றால் பொறுப்பு முழுதாக நீங்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் மாறினால்தான் நீங்கும். இவை வழக்கு வரும்போது கையில் இருக்க வேண்டிய ஆதாரங்கள்.

சம்மன் வந்துவிட்டதென்றால் அதை மடித்து அலமாரியில் வைப்பதைவிடப் பெரிய தவறு கிடையாது. “நான்தான் வித்துட்டேனே” என்று போகாமல் இருந்தால் எக்ஸ் பார்ட்டி ஆகிவிடுவீர்கள், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். போய் ஆஜராகி, பதில் மனுவில் விற்ற விவரத்தைச் சொல்லி, வாங்கியவரையும் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கக் கேளுங்கள். எக்ஸ் பார்ட்டி தீர்ப்பே வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். மேல்முறையீட்டுக்கு 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதைக் கட்ட வேண்டும்.

உரிமையாளர் இறந்த வீடுகளிலும் இதே அலட்சியம்தான். அப்பா பெயரிலேயே மகன் லாரியை வருஷக்கணக்கில் ஓட்டுகிறார். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். பர்மிட்டையும் வாரிசு மூன்று மாதம்தான் பயன்படுத்தலாம். துக்கத்தில் இருக்கிற வீட்டில் இதை நினைவுபடுத்துவது சங்கடம்தான். சொந்தக்காரர் யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

டிரைவர்களுக்கும் ஒன்று. புது முதலாளியிடம் சேரும்போது எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கிற பெயரும் சம்பளம் கொடுக்கிறவர் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நாளை உங்களுக்கு அடிபட்டால், உங்கள் குடும்பம் இழப்பீடு கேட்டு இந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் அலைய வேண்டியிருக்கும்.

லாரி விற்றவர்கள் இந்த வாரமே பழைய வண்டி எண்ணை அதே செயலியில் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் இன்னும் அதில் இருந்தால், புரோக்கருக்குப் போன் செய்துகொண்டிருக்காமல், படிவம் 29ஐ எடுத்துக்கொண்டு நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.