35 மில்லிமீட்டரில் ஒரு சக்கரத்தின் ஆயுள்

வேண்டாத உலோகத்தைச் சீவி எடுத்து, வேண்டிய அளவைக் கொண்டுவருவதுதான் மெஷினிங். வார்ப்பும் ஃபோர்ஜிங்கும் உருவத்தைத் தந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்க்கும் பொருத்தம் பெரும்பாலும் மெஷினிங்கில்தான் வரும்.

புனேயின் கோர்படியில் ரயில்வேயின் டீசல் இன்ஜின் ஷெட் இருக்கிறது. அங்கே நிற்கும் ஒரு சக்கர ஜோடியைப் பார்த்தாலே தொழிலின் பெரும்பகுதி புரிந்துவிடும். சக்கரத்தின் நடுத்துளையை, அச்சைவிட இம்மியளவு சிறிதாகப் போரிங் செய்வார்கள். பல டன் அழுத்தத்தில் அச்சை உள்ளே ஏற்றினால், போல்ட்டோ வெல்டிங்கோ இல்லாமலே இரண்டும் பிடித்துக்கொள்ளும். அச்சில் பேரிங் உட்காரும் இடத்துக்குச் சாணைக்கல்லால் கிரைண்டிங். அச்சு முனையின் துளைகளுக்கு டிரில்லிங். தண்டவாளத்தில் உருளும் பரப்புக்கு லேத்தில் கடைசல். லேத்தில் ஜாப், அதாவது கடையப்படும் பொருள், சுழலும், டூல் நகரும். மில்லிங்கில் டூலே சுழலும்.

காய் நறுக்குவதுபோல் டூல் இரும்பை அறுப்பதில்லை. எதிரில் உள்ள உலோகத்தை நெருக்கித் தள்ளுகிறது; அது சரிந்து, சுருளாகக் கழன்று வருகிறது. அப்போது எழும் வெப்பத்தில் பெரும்பங்கு அந்தச் சுருளோடு போய்விடும். நீலம் பாரித்து விழும் சுருளைக் கையால் தொடக் கூடாது.

வேகத்தை விட்டம் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 50 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. தண்டு நிமிடத்துக்குச் சுமார் 530 சுற்று சுற்ற வேண்டும், 915 மி.மீ. ரயில் சக்கரத்துக்கு 17 சுற்றே போதும்.

எல்எச்பி ரகப் பயணிகள் பெட்டியின் புதுச் சக்கரத்துக்கு அந்த 915தான் விட்டம். தேய்ந்து 845 ஆனால் கழித்துவிட வேண்டும். ஆரத்தில் பார்த்தால் வெறும் 35 மி.மீ. ஓட்டத்தில் விளிம்பு மெலியும். பிரேக் பிடித்துச் சக்கரம் வழுக்கினால் ஓரிடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தை அடிக்கும். இரண்டுக்கும் மருந்து கடைசல்தான். குழிக்குள் பொருத்திய வீல் லேத் இருந்தால், பெட்டியிலிருந்து கழற்றாமலே சக்கரத்தைக் கடையலாம். ஆனால் விளிம்புத் தடிமனில் 1 மி.மீ. மீட்க, விட்டத்தில் பல மி.மீ. போய்விடும். வழுக்கிய இடத்தின் மேல்தோல் இறுகிக் கண்ணாடிபோல் கடினமாகியிருக்கும். மேலாக உரசினால் டூல் முனை உடையும், தோலுக்கு அடியில் இறங்கித்தான் வெட்ட வேண்டும். எவ்வளவு குறைவாக எடுத்து உருவத்தை மீட்கிறார் என்பதில்தான் கடைசல்காரரின் திறமை இருக்கிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

கழித்த சக்கரத்தை அச்சிலிருந்து பிரித்துவிடுவார்கள். சோதனையில் அச்சு தேறினால், அதன் அளவுக்கு ஏற்ப இன்னொரு சக்கரத்தில் போரிங் தொடங்கும்.