அப்சோர்பர் நீண்டால் ஸ்டாண்ட் ஏன் 'குட்டையாகிறது'?

கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்பக்க அப்சோர்பரைக் கழற்றிவிட்டு, சற்று நீளமான புதிய ஒன்றைப் பூட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பூட்டியபின் மோட்டாரை நிறுத்தினால், முன்பைவிட அதிகமாக இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். சைட் ஸ்டாண்டை யாரும் தொடவில்லை, அதன் நீளமும் குறையவில்லை. பிறகு ஏன் இந்தச் சாய்வு?

நிறுத்திய மோட்டார் மூன்று இடங்களில் தரையைத் தொடுகிறது: முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டாண்டின் பாதம். இந்த மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். மோட்டாரின் புவியீர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையும் கோடு அந்த முக்கோணத்துக்குள் விழும் வரை மோட்டார் விழாது. தொடக்கப்பள்ளியில் படித்த நிலைத்தன்மைப் பாடம்தான் இது.

இப்போது பின்பக்கம் 30 மி.மீ. உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் பழைய உயரத்திலேயே இருப்பதால், சட்டம் முழுவதும் ஒரே அளவு உயராது. இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1,250 மி.மீ., முன் அச்சிலிருந்து ஸ்டாண்ட் பூட்டிய இடம் 750 மி.மீ. என்றால், அந்த இடம் உயர்வது 30 × 750 ÷ 1,250 = 18 மி.மீ. வெறும் 18 மி.மீ.தானே என்று தோன்றும்.

மோட்டாரை நிமிர்த்திப் பிடித்தால், விரித்த ஸ்டாண்டின் பாதம் தரைக்கு மேலே தொங்கும். அந்த இடைவெளி 45 மி.மீ., பாதம் சக்கரக் கோட்டிலிருந்து 250 மி.மீ. தள்ளி இருக்கிறது என்போம். சாய்வுக் கோணத்தின் தொடுகோட்டு விகிதம் 45/250. அதாவது ஏறத்தாழ 10 பாகை. இடைவெளி 63 மி.மீ. ஆனதும் கோணம் 14 பாகையாகிறது. புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்பு எடையில் சுமார் 35 விழுக்காட்டைத் தாங்கிய ஸ்டாண்ட் இப்போது 47 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். 110 கிலோ மோட்டாரில் அது 38 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு ஏறுகிறது. கோணம் மாறியதால் பாதமும் தரையில் தட்டையாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் ஊன்றும். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். நண்பகல் வெயிலில் இளகிய தார்ச் சாலையிலோ மழையில் நனைந்த மண்ணிலோ அது மெல்லப் புதையும். புதையப் புதையச் சாய்வு இன்னும் கூடும். பல மோட்டார்கள் நிறுத்திய உடனே விழாமல் கொஞ்ச நேரம் கழித்து விழுவது இதனால்தான்.

தீர்வு ஸ்டாண்டை நீட்டுவது. எவ்வளவு? கணக்குப் போடுவதைவிட அளந்து பார்ப்பதே நல்லது. அப்சோர்பரை மாற்றும் முன் மோட்டாரை நிமிர்த்திப் பிடித்து, ஸ்டாண்ட் பூட்டிய இடத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் மீண்டும் அளவெடுங்கள். இரண்டு முறையும் யாரும் ஏறி உட்காரக் கூடாது, ஏனெனில் ஸ்டாண்ட் வேலை செய்வது ஆள் இல்லாதபோதுதான். அதே நீளமுள்ள, ஆனால் விறைப்பான சுருள்வில் பூட்டினாலும் பின்பக்கம் உயரக்கூடும். அது மோட்டாரின் சொந்த எடைக்குக் குறைவாகவே அமுங்கும். ஒற்றை அப்சோர்பர் உள்ள மோட்டார்களில் நெம்புகோல் அமைப்பால் சில மி.மீ. மாற்றமே பின்பக்கத்தில் பெரிதாகத் தெரியும்.

ஸ்டாண்ட் சரிவாக நிற்பதால், 18 மி.மீ. உயரத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 20 மி.மீ. நீட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போகாதீர்கள். ஸ்டாண்ட் அளவுக்கு மீறி நீண்டால் மோட்டார் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். அப்போது புவியீர்ப்பு மையம் சக்கரக் கோட்டை ஒட்டி வந்துவிடும். வலப்பக்கமாக ஒரு சிறு தள்ளலே அதைச் சாய்த்துவிடும். என்னைக் கேட்டால், இது முதல் பிழையைவிட மோசமானது. வலப்பக்கம் தாங்க எதுவுமே இல்லை.

நீளத்தைத் தேவைக்கேற்ப மாற்றக்கூடிய ஸ்டாண்டுகள் கடைகளில் உண்டு. பழையதை வெட்டி ஒட்டவைப்பதானால் அனுபவமுள்ள பட்டறையில் கொடுங்கள். மடக்கியபின் அது சங்கிலியில் உரசக்கூடாது, இடப்பக்கம் வளையும்போது சாலையில் இடிக்கவும் கூடாது.

நடு ஸ்டாண்ட் போட்டால் எதிர்பாராத ஒன்றைக் காணலாம். நீளமான அப்சோர்பர் பின் சக்கரத்தை இன்னும் கீழே தொங்கவிடுவதால், முன்பு காற்றில் சுழன்ற சக்கரம் இப்போது தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கக்கூடும்.